சவுலின் ஈட்டியும் தாவீதின் சுரமண்டலமும்: இசையால் அமைதியூட்டும் முயற்சிகளின் வரலாறு

இசை கலங்கிய நெஞ்சை ஆற்றும் என்னும் கருத்தை எடுத்துரைப்போர் பெரும்பாலும் 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்திலிருந்தே தொடங்குகின்றனர். இசை வரலாற்று ஆசிரியர்களும் மருத்துவ நூலோரும் அங்கே செல்கின்றனர். அண்மைக் காலத்தில் காதொலிக் கருவிகளின் வழியாக நரம்புகளை அமைதிப்படுத்துவதாகக் கூறும் பயிற்சியாளரும் அங்கேயே செல்கின்றனர். ஆயின் அவர்களுள் பலர் 23ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றனர். சாமுவேலின் ஆசிரியரோ அங்கு நிற்கவில்லை. இன்று நம் சபைகளில் இருக்கும் பெற்றோரும் நோயாளரும் இத்தகைய பயிற்சிகளைப் பற்றி ஆயர்களிடம் கேட்கத் தொடங்கிவிட்டனர். ஆதலால் இந்த நீண்ட வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகத் திரும்பிப் பார்ப்பது நமக்குத் தேவையாகின்றது.

முதலில் திருமறைப் பகுதியையே நோக்குவோம். சவுலை வருத்திய ஆவியைக் குறிக்க எபிரெயத்தில் 'ரூவாஹ்' என்னும் சொல் வருகின்றது. தாவீது 'கின்னோர்' என்னும் சுரமண்டலத்தை வாசித்தபோது சவுலுக்கு உண்டான ஆறுதலைக் குறிக்க 'ராவஹ்' என்னும் வினை வருகின்றது. இரண்டும் ஒரே மெய்யெழுத்துகளால் ஆனவை. பின்னதற்கு இடம் விரிதல், மூச்சுவிட வழி கிடைத்தல் என்னும் பொருள் உண்டு. நெருக்குண்ட ஒருவனுக்குச் சற்றே வெளி கிடைத்தது என்பதே அச்சொல்லின் சுவை. இது மிகத் துல்லியமான சொல். நோயின் காரணம் நீங்கிற்று என்று ஆசிரியர் சொல்லவில்லை. அவ்வேளைக்குத் துன்பம் தணிந்தது என்கிறார்.

முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு இக்கதையைத் திரும்பச் சொல்லும்போது, திருமறையில் இல்லாத மருத்துவர்களை உள்ளே கொண்டுவருகின்றார். சவுலின் ஊழியர் கூறிய யோசனையை அவர் மருத்துவர்களின் வாயில் வைக்கின்றார். அவர்களுக்கு வேறு வழி தெரியாததால் பாடகன் ஒருவனைத் தேடும்படி கூறினராம். கிரேக்க, ரோம வாசகர்களுக்காக எழுதியவர் ஆதலால், இசை மருத்துவம் அவர்களுக்குப் பழக்கமான செய்தி என்பதை அறிந்தே இவ்வாறு மாற்றியிருக்கலாம்.

இனி 18:10-11, 19:9-10 ஆகிய பகுதிகளைப் பாருங்கள். அதே மன்னன், அதே இளைஞன், அதே சுரமண்டலம். ஆயின் இம்முறை சவுலின் கையில் ஈட்டி இருக்கின்றது. தாவீது வாசித்துக்கொண்டிருக்கும்போதே அது அவனை நோக்கி எறியப்படுகின்றது. முன்பு ஆற்றிய இசை இப்போது ஏன் ஆற்றவில்லை? இடையில் நிகழ்ந்தது என்ன என்பதை 18ஆம் அதிகாரமே கூறுகின்றது. பெண்கள் பாடிய வெற்றிப் பாட்டு ஒன்று மன்னனின் காதில் விழுந்திருந்தது, பொறாமை குடிபுகுந்திருந்தது. அந்தப் பொறாமையைக் கிளப்பியதும் இசையே என்பதை விரிவுரையாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. ஒலி எப்போதும் ஓர் உறவின் நடுவே கேட்கப்படுகின்றது. வாசிப்பவன் யார், அவனைக் கேட்பவன் எப்படி நோக்குகின்றான் என்பவற்றைப் பிரித்துவிட்டு நரம்புகளின் கணக்கை மட்டும் எழுத முடியாது.

அகஸ்தீன் தம் அறிக்கை நூலின் பத்தாம் பகுதியில் செவியின்பத்தைக் குறித்துத் தயங்குவதை நம் மாணவர் அறிவர். லுத்தருக்கு அத்தகைய தயக்கம் இல்லை. 1530ஆம் ஆண்டு கோபுர்க் கோட்டையிலிருந்து இசையமைப்பாளர் லூட்விக் சென்ஃபலுக்கு எழுதிய கடிதத்தில், இறையியலுக்கு அடுத்த இடத்தை அவர் இசைக்குக் கொடுத்தார். நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 1534 அக்டோபரில் ஃப்ரைபெர்க் நகர ஆர்கன் கலைஞர் மத்தியாஸ் வெல்லருக்கு அவர் எழுதிய கடிதம். வெல்லர் ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தவர். துயர எண்ணங்கள் வரும்போது ரீகல் என்னும் சிறு ஆர்கனின் முன் அமர்ந்து, அவை விலகும்வரை கர்த்தருக்கு வாசிக்கும்படி லுத்தர் அவருக்கு அறிவுரை கூறினார். ஆயின் இசையோடு மட்டும் அவரை அவர் தனியே விட்டுவிடவில்லை. தம் சொந்த எண்ணங்களை நம்பாமல், பிறர் கூறும் ஆறுதல் மொழிகளைக் கடவுளின் குரலாக ஏற்கும்படியும் வற்புறுத்தினார். கருவியும் வேண்டும், அருகில் ஒரு சகோதரனும் வேண்டும் என்பது அவர் மருந்துச்சீட்டு.

நிறுவன முறையில் இதைச் செய்து பார்த்ததில் இஸ்லாமிய உலகம் ஐரோப்பாவுக்கு முந்தியது என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். உதுமானிய சுல்தான் இரண்டாம் பயசீத் எதிர்னே நகரில் கட்டிய மருத்துவமனை 1488இல் நிறைவுற்றது. அதைப் பதினேழாம் நூற்றாண்டில் கண்ட பயணி எவ்லியா செலபி, பத்து இசைக்கலைஞர்கள் அங்கு ஊதியத்திற்கு அமர்த்தப்பட்டு, வாரத்தில் மூன்று நாள் மனநோயாளர் உள்ளிட்ட பிணியாளர்களுக்கு வாசித்தனர் என்று எழுதியுள்ளார். நடுமண்டபத்தில் எழும் ஒலி சுற்றியுள்ள அறைகளுக்குப் பரவும்படி கட்டடம் அமைந்துள்ளது. அது இன்று மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக உள்ளது.

ஐரோப்பாவில் பெயர் பெற்ற நிகழ்ச்சி 1737இல் ஸ்பெயின் அரசவையில் தொடங்கிற்று. ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப் நெடுங்காலமாகக் கொடிய மனச்சோர்வில் கிடந்தார். அரசி எலிசபெத் ஃபர்னேசி, ஃபரினெல்லி என்னும் பெயரால் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட பாடகர் கார்லோ புரோஸ்கியை அழைப்பித்தார். இவர் சிறுவயதில் குரல் உடையாதபடி விதை நீக்கப்பட்டவர். அக்காலத்து இத்தாலியத் தேவாலயங்களும் அக்கொடுமையின் பயனை நுகர்ந்தன என்பதை வெட்கத்தோடு நினைவுகூர வேண்டும். மன்னரின் அறைக்கு அடுத்த அறையில் அவர் முதலில் பாடினார் என்றும், மன்னர் அசைவுற்று எழுந்தார் என்றும் கூறப்படுகின்றது. மேடையைத் துறந்த ஃபரினெல்லி, 1746இல் மன்னர் இறக்கும்வரை இரவுதோறும் அவருக்காகப் பாடினார். 1770இல் பொலோனியா நகரில் அவரைச் சந்தித்த ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி, ஒவ்வோர் இரவும் அதே நான்கு பாடல்களே பாடப்பட்டதாக எழுதினார்.

இக்கதை பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகின்றது. ஆயின் ஆங்கிலத் தூதர் கீனின் கடிதங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. மன்னர் அப்பாடல்களைத் தாமே திரும்பப் பாட முயன்று அலறினாராம். அரண்மனையார் அவ்வலறலைப் பிறர் கேளாதபடி மறைக்க முயன்றனராம். ஒன்பது ஆண்டுகள் இசை அவரைத் தாங்கியது மெய். அவர் நலமடைந்தார் என்பது மெய்யன்று. சாமுவேலின் ஆசிரியர் தெரிந்தெடுத்த அந்தச் சொல்லே இங்கும் பொருந்துகின்றது.

இதையொத்த இன்னொரு கதை, தூக்கமின்றித் தவித்த கைசர்லிங் கோமகனுக்காக பாக் தம் கோல்ட்பெர்க் மாற்றுருக்களை இயற்றினார் என்பது. இதை 1802இல் ஃபோர்க்கெல் எழுதினார். நூல் 1741இல் அச்சானபோது அதில் கோமகனுக்குச் சமர்ப்பணம் ஏதும் இல்லை. வாசித்ததாகச் சொல்லப்படும் கோல்ட்பெர்க்குக்கு அப்போது வயது பதினான்கே. ஆய்வாளர் பலர் இதை ஐயுறுகின்றனர். பிரசங்க மேடைகளில் இது இன்னும் உலவுகின்றது.

இதற்கிடையில் மருத்துவத்தின் மொழி மாறிற்று. 1621இல் ராபர்ட் பர்ட்டன் என்னும் ஆங்கிலக் குரு மனச்சோர்வைப் பற்றிய தம் பெருநூலில் இசைக்கு ஒரு பகுதி ஒதுக்கியபோது, உடலின் நால்வகை நீர்களைப் பற்றியே பேசினார். 1664இல் தாமஸ் வில்லிஸ் மூளையையும் நரம்புகளையும் விரிவாக வரைந்து காட்டிய பின்னர் 'நரம்பு' முன்னணிக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர்கள் நரம்பை இறுக்கிக் கட்டிய தந்தியாகவே கற்பனை செய்தனர். 1729இல் ரிச்சர்ட் பிரவுன், 1749இல் ரிச்சர்ட் பிராக்கிள்ஸ்பி ஆகியோர் இசையின் மருத்துவப் பயனைப் பற்றி நூல்கள் எழுதினர். தந்தியைத் தந்தியால் சீர்செய்யலாம் என்பது கேட்க இனிமையான உவமை. ஆயின் உவமை இரு பக்கமும் வெட்டிற்று. ஃபிராங்க்ளின் 1761இல் அமைத்த கண்ணாடி ஹார்மோனிகாவின் ஒலி நரம்புகளைக் கெடுக்கும் என்று விரைவில் அஞ்சத் தொடங்கினர். ஆற்றும் என்பதற்கும் கெடுக்கும் என்பதற்கும் அன்று சோதனை ஏதும் இல்லை. பாரிசின் சால்பெத்ரியேர் மனநோய் மனையில் 1820களில் எஸ்கிரோல் இசைக்கச்சேரிகள் நடத்திப் பார்த்தார். நோயாளரின் கவனம் ஈர்க்கப்பட்டது, சிலர் அமைதியுற்றனர், எவரும் குணமாகவில்லை என்று அவர் எழுதினார். இத்துறையில் இத்தகைய நேர்மையை நாம் அடிக்கடி காண்பதில்லை.

இப்போது இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகின்றேன். ஃபிரெடரிக் கில் ஹார்போர்டு என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவின் பெயர் நம் திருச்சபை வரலாற்றுப் பாடநூல்களில் இல்லை. 1832இல் பிறந்த இவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மைனர் கேனன், அதாவது வழிபாட்டைப் பாடி நடத்தும் பொறுப்புடைய குரு. நாள்தோறும் பாடுவதே இவர் ஊழியம். நோய்ப்படுக்கையில் மெல்லிய இசை வலியையும் தூக்கமின்மையையும் தணிக்கின்றது என்று கண்ட இவர், 1891இல் செசிலியா சங்கம் என்னும் அமைப்பை லண்டனில் தொடங்கினார்.

பெயரே ஆராயத்தக்கது. புனித செசிலியா இசையின் காவலராகப் போற்றப்படுபவர். ஆயின் பழைய கதையின்படி அவர் எந்தக் கருவியையும் வாசித்தவரல்லர். திருமண வாத்தியங்கள் முழங்கும்போது அவர் தம் உள்ளத்தில் கடவுளுக்குப் பாடிக்கொண்டிருந்தார் என்பதே கதை. காதில் விழும் ஒலிக்கும் உள்ளே எழும் பாட்டுக்கும் உள்ள இடைவெளியை ஹார்போர்டு எண்ணித்தான் இப்பெயரைத் தெரிந்துகொண்டாரா என்று கேட்கத் தோன்றுகின்றது.

அவருடைய திட்டம் வியப்பூட்டும் அளவுக்கு விவரமானது. பயிற்சி பெற்ற பாடகரும் தந்திக்கருவியாளரும் சிறு குழுக்களாக இருப்பர். மருத்துவர் அழைத்தால் மட்டுமே செல்வர். நோயாளரின் கண்ணில் படாமல் அடுத்த அறையில் அமர்ந்து, மிக மென்மையாக, குறுகிய நேரம் மட்டும் வாசிப்பர். அமைதியூட்டும் இசை எது, கிளர்ச்சியூட்டும் இசை எது என்று தனித்தனியே சோதிக்கப்படும். நகரின் நடுவே ஓரிடத்தில் இசைக்குழு இருந்து, தொலைபேசிக் கம்பியின் வழியாக மருத்துவமனைகளுக்கு இசையை அனுப்ப வேண்டும் என்பது அவருடைய பெரிய கனவு. இது வெறுங்கனவன்று. 1881இல் பாரிஸ் கண்காட்சியில் கிளெமான் அதேர் ஓபரா இசையைத் தொலைபேசி வழியாகக் கேட்கச் செய்திருந்தார்.

நோயாளரின் கண்ணில் படக்கூடாது என்ற விதி ஏன்? ஒலியின் விளைவை வேறெதனோடும் கலவாமல் அறிய வேண்டும் என்ற ஆர்வம் ஒரு காரணமாயிருக்கலாம். வருகையாளரின் பேச்சும் பரபரப்பும் நோயாளரை அலைக்கழிக்கும் என்ற கவலை மற்றொன்றாயிருக்கலாம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் செவிலியர் குறிப்புகளில் (1859) தேவையற்ற ஓசையைப் பற்றிக் கடுமையாக எழுதியுள்ளார். மனிதக் குரலும், காற்றுக் கருவிகளும், தொடர்ந்த ஒலி தரும் தந்திக் கருவிகளும் நோயாளருக்கு நலம் தரும். தொடர்ச்சியற்ற ஒலியுடைய பியானோ எதிர்விளைவு தரும் என்றும் அவர் அதே நூலில் குறித்துள்ளார். இசை விலையுயர்ந்ததாதலால் பொது மருத்துவமனைகளில் அதைப் பெறுதல் அரிது என்றும் அவர் வருந்தினார். ஹார்போர்டின் சங்கம் அந்த வருத்தத்திற்கு ஒரு விடையாகத் தோன்றுகின்றது.

சங்கம் நிலைக்கவில்லை. போதிய பணம் சேரவில்லை. செய்தித்தாள்களின் வரவேற்பு கலவையாக இருந்தது. ஹார்போர்டின் உடல்நலமும் குன்றியது. அவர் 1906இல் காலமானார். ஆயின் அவர் கனவின் ஒரு பகுதி வேறு வழியில் நிறைவேறிற்று. 1895இல் லண்டனில் தொடங்கிய எலெக்ட்ரோஃபோன் நிறுவனம் நாடகங்களையும் ஆலய வழிபாடுகளையும் தொலைபேசிக் கம்பியில் சந்தாதாரர்களுக்கு அனுப்பியது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் காயமுற்ற வீரர்கள் மருத்துவமனைகளில் காதொலிக் கருவிகளை அணிந்து அதைக் கேட்கும் படங்கள் உள்ளன. அந்தக் கருவியில் வந்தது பொழுதுபோக்கு. ஹார்போர்டு எண்ணிய மருந்து அன்று.

இருபதாம் நூற்றாண்டின் வளர்ச்சியைச் சுருக்கமாகக் கூறினால் போதும். 1919இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்கெனப் பாடம் நடந்தது. 1944இல் மிச்சிகன் அரசுக் கல்லூரியில் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1950இல் அமெரிக்காவில் தேசிய சங்கம் தோன்றிற்று. 1940களில் மிச்சிகனின் எலாய்ஸ் மருத்துவமனையில் பணிசெய்த மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் வகுத்த முறை மட்டும் நின்று நோக்கத்தக்கது. கலங்கியவனுக்கு உடனே தாலாட்டு வாசிக்காதே. அவன் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கிப் பின் மெல்ல மாற்று என்றார். அழுகிறவர்களோடு அழும்படி ரோமர் 12:15 கூறுவதை நாம் உடனே நினைக்கின்றோம். நோயாளரைக் கண்டவுடன் களிப்பூட்டும் ஞானப்பாட்டை எடுக்கும் ஆர்வமுள்ள ஊழியருக்கு இது நல்ல பாடம்.

கேட்டல் பயிற்சி என்னும் தனிக்கிளை பிரெஞ்சு செவி மருத்துவர் ஆல்ஃப்ரெட் தொமாத்தியிடம் (1920-2001) தொடங்குகின்றது. சில அதிர்வெண்களை வடிகட்டிய மொசார்ட் இசையையும் கிரெகோரியன் வழிபாட்டு இசையையும் 'மின்செவி' என்னும் கருவியின் வழியாக அவர் கேட்கச் செய்தார். அவரைப் பற்றிய நூல்களில் ஒரு கதை தவறாமல் வரும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் தென்பிரான்சின் ஆங் கல்கா பெனெடிக்டின் மடத்தில் நெடுநேரப் பாடல்கள் குறைக்கப்பட்டன. துறவியர் காரணமறியாச் சோர்வில் விழுந்தனர். 1967இல் அழைக்கப்பட்ட தொமாத்தி பாடலை மீட்டமைத்ததும் அவர்கள் தெளிவுற்றனர் என்பது அது. வழிபாட்டை நேசிப்போருக்கு இதைவிட இனிய கதை கிடைப்பது அரிது. ஆயின் மூல ஆய்வில் பயின்ற நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதைச் சொல்பவர் யார்? தொமாத்தியே. மடத்தில் அக்காலத்தில் மாறியது பாடல் மட்டுமன்று; மொழி, வழிபாடு, நாளொழுங்கு எல்லாம் அசைந்த ஆண்டுகள் அவை. கதை பொய் என்று நான் கூறவில்லை. அதன்மேல் ஒரு மருத்துவ முறையை நிறுத்த முடியாது என்கின்றேன்.

தொமாத்தியோடு தொடர்புடையவராயிருந்த மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் கீ பெரார் தனிமுறை ஒன்றை வகுத்தார். பத்து நாள்களில் பத்து மணி நேரம் கேட்கச் செய்யும் அம்முறை, 1990களில் தன்முனைப்புக் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோரிடையே பெரும் நம்பிக்கையை எழுப்பியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1998இலும், பேச்சு, செவித் துறையினரின் அமெரிக்கச் சங்கம் 2004இலும் அதற்குப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தன. அண்மையில் அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் போர்ஜஸ் 1995இல் வெளியிட்ட வேகஸ் நரம்புக் கோட்பாட்டின் அடிப்படையில் வேறொரு பயிற்சி பரவியுள்ளது. நடுச்செவியின் சிறு தசைகளை முக நரம்பும் முந்நரம்பும் இயக்குகின்றன. மனிதக் குரலின் அதிர்வெண்கள் மேலோங்கும்படி வடிகட்டிய இசையைக் கேட்டால் அத்தசைகள் பழக்கப்பட்டு, உடல் 'ஆபத்தில்லை' என்று உணரும் என்பது அதன் வாதம். அந்நரம்புகள் உண்டு என்பதில் ஐயமில்லை. அவற்றைக் கொண்டு அவர் கட்டிய கோட்பாட்டை உடலியல் அறிஞர் சிலர் வன்மையாக மறுத்துள்ளனர், விவாதம் முடியவில்லை.

அவ்வாறாயின் எல்லாம் வெறும் நம்பிக்கைதானா? இல்லை. எளிய இசைக்கேட்டலுக்கு அளந்து கண்ட பயன் உண்டு. அறுவைக்குமுன் இசை கேட்ட நோயாளரைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு, அவர்களின் அச்சம் ஓரளவு குறைந்ததாகக் கண்டது. சான்றின் தரம் உயர்ந்ததன்று என்றும் அதுவே எச்சரித்தது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் அவர் தோழரும் செய்த இரு ஆய்வுகள் நமக்கு மிக நெருக்கமானவை. 2001இல் வெளியான முதல் ஆய்வில், இலத்தீன் செபமாலையைச் சொன்னவர்களின் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்து, இதயத்தின் இயல்பான தாளங்களோடு இசைந்தது. யோக மந்திரத்தைச் சொன்னபோதும் அவ்வாறே. நம் வழிபாட்டில் மாறிமாறி வாசிக்கும் சங்கீதங்கள் மூச்சை எவ்வாறு அமைக்கின்றன என்று எவரேனும் அளந்தால் நன்று. மந்திரத்திற்கும் செபத்திற்கும் ஒரே விளைவா என்று சிலர் மனம் கலங்குவர். மூச்சு எல்லாருக்கும் ஒரே படைப்பாளர் தந்தது, அளக்கப்பட்டது மூச்சேயன்றி விசுவாசம் அன்று.

2006இல் வெளியான இரண்டாம் ஆய்வு 24 பேரிடம் நடந்தது. வேகமான இசை மூச்சையும் இதயத் துடிப்பையும் விரைவுபடுத்திற்று. மெதுவான இசை அவ்வாறு செய்யவில்லை. கேட்பவரின் விருப்பத்தைவிட இசையின் வேகமே பெரிதும் கணக்கில் வந்தது. ஆயின் ஆய்வாளரே எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு. இசைகளுக்கு இடையே செருகப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் துடிப்பும் இரத்த அழுத்தமும் தொடக்க நிலையைவிடக் கீழே இறங்கின. சங்கீதங்களில் வரும் 'சேலா' என்னும் சொல்லை இத்தோடு பிணைக்க எவருக்கும் ஆசை வரும். அச்சொல்லின் பொருள் உறுதியாகத் தெரியாததால் அந்த ஆசையை அடக்குவது நல்லது.

சபையிலிருந்து ஒரு தாய் வந்து, விலையுயர்ந்த கேட்டல் பயிற்சியில் தன் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்டால், ஆயர் மருத்துவராக முடியாது. அமைதி கிடைக்கலாம், குணம் உறுதி கூறப்படவில்லை, நடந்துகொண்டிருக்கும் மருத்துவத்தை நிறுத்தலாகாது, கடன்பட வேண்டாம் என்று சொல்லலாம். பிள்ளையின் மருத்துவரிடம் உடன் செல்லலாம். பயிற்சி பயன்தரவில்லையெனில் அதை அவள் விசுவாசக் குறைவாக எண்ணிவிடாதபடி காப்பதும் அவர் பொறுப்பே. தாவீதின் இசையே ஒருநாள் சவுலிடம் தோற்றது.

மருத்துவமனைச் சந்திப்பில் பாடும் நம் வழக்கத்திற்கும் இவ்வரலாறு சில நடைமுறைகளைத் தருகின்றது. வார்டில் பாடுமுன் நோயாளரையும் செவிலியரையும் கேட்க வேண்டும். அடுத்த கட்டிலில் இருப்பவரும் கேட்க நேரிடுகின்றது என்பதை மறத்தலாகாது. குழுவாகக் கைதட்டிப் பாடுவதைவிட ஒரு குரல் மெதுவாகப் பாடுவது மேல். ஹார்போர்டின் குழுவைப்போல மறைந்திருக்க வேண்டியதில்லை. லுத்தர் வெல்லருக்குச் சொன்ன சகோதரனாக அருகில் அமரலாம். ஒன்றோ இரண்டோ பாடல்கள் போதும். பாடி முடித்ததும் உடனே ஜெபத்தையோ பேச்சையோ தொடங்காமல் இரண்டு நிமிடம் பேசாதிருக்கலாம்.